கம்ப்யூட்டரில் இல்லாத காருக்கு வீல் அலைன்மென்ட்

கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “1932 ஃபோர்டு ஹாட் ராட் (மாற்றியமைத்த பழைய கார்) ஒன்று வாங்கியிருக்கிறேன். முன்னால் தாழ்த்திய ஐ-பீம் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இரும்புத் தண்டு), குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங், ஆக்சிலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஹேர்பின் ராடுகள். 45 மைல் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீரிங் கையை உதறுகிறது. ஒரு கடையில் ‘இந்தக் கார் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு கடையில் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்தார்கள். உதறல் அப்படியே இருக்கிறது. எங்கே போவது, என்ன கேட்பது?”

கம்ப்யூட்டரில் 1932 ஃபோர்டு இருந்திருந்தாலும் உங்களுக்குப் பெரிய பலன் இருந்திருக்காது. ஃபோர்டு ஆலையிலிருந்து வந்தபோது இருந்த உயரம், டயர், ஆக்சில் எதுவுமே உங்கள் காரில் இப்போது இல்லை. அலைன்மென்ட் மெஷின் கோணத்தை அளந்து காட்டும், அவ்வளவுதான். எந்தக் கோணம் வேண்டும் என்பதை நீங்கள்தான் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

அந்தத் தாளில் எழுத வேண்டியவை: கேஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) இரண்டு பக்கமும் சமமாக 5 முதல் 7 டிகிரி பாசிட்டிவ். கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி சாய்ந்திருக்கும் கோணம்; வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்) 0 முதல் 1 டிகிரி பாசிட்டிவ். டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது) மொத்தமாக 1/16 முதல் 1/8 அங்குலம். சில மெஷின்கள் டோவை டிகிரியில்தான் கேட்கும். 26 அங்குல டயருக்கு 1/8 அங்குலம் என்பது சுமார் 0.28 டிகிரி. இந்த அளவுகள் உங்களுடையதைப் போன்ற ஒற்றை ஆக்சில் வண்டிக்கு மட்டுமே பொருந்தும். ஃபோர்டு மஸ்டாங் 2 காரின் வகையில் சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் பொருத்திய ஹாட் ராடுக்கு அந்தக் கிட் தயாரிப்பாளர் சொல்லும் அளவைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த மூன்றில் உங்கள் உதறலோடு நெருங்கிய தொடர்புடையது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் பாருங்கள், மேல் பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் ஓரளவு நேராக ஓட அந்தச் சாய்வும் உதவுகிறது. உங்கள் காரில் கிங்பின் (சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணி) அப்படிச் சாய்ந்திருக்க வேண்டும். ஹாட் ராடில் இது சத்தமில்லாமல் குறைந்துபோகும். 1932 ஃபோர்டின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 106 அங்குலம். பின்பக்கம் சுமார் 1.85 அங்குலம் உயர்ந்தாலே கேஸ்டரில் ஒரு டிகிரி போய்விடும். அதாவது, பின்னால் மட்டும் விட்டத்தில் நாலு அங்குலம் பெரிய டயர் போட்டவர் (உயரம் அதில் பாதி, இரண்டு அங்குலம் கூடும்), தெரியாமலே ஒரு டிகிரியை இழந்திருப்பார். பழைய சொந்தக்காரர் டயர் மாற்றினாரா, முன்பக்கத்தை மேலும் இறக்கினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஹேர்பின் ராடு இருப்பது உங்களுக்கு வசதி. ஆக்சில் பக்கம் இருக்கும் மரையுள்ள கிளெவிஸ்களை (U வடிவ இணைப்புகளை)க் கழற்றி, அரைச் சுற்று, ஒரு சுற்று திருப்பிக் கேஸ்டரை மாற்றலாம். சாலைச் சரிவுக்காக இடதில் கொஞ்சம் குறைவாக வைக்கும் வழக்கம் சாதாரண கார்களில் உண்டு. இங்கே அதை விட்டுவிடுங்கள். இரண்டு முனையும் ஒரே ஆக்சில்தானே, வேறு வேறு கோணம் வைத்தால் அந்த இரும்பு முறுக்கிக்கொண்டுதான் நிற்கும்.

அதற்காகக் கேஸ்டரைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். அளவுக்கு மேல் போனால் ஸ்டீரிங் கனக்கும், அதுவே உதறலைக் கிளப்பவும் செய்யும். இதே மாதிரி ஒரு வண்டியில் இரண்டு வாரம் கேஸ்டரையே மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் தேய்ந்திருந்தது கிங்பின் புஷ். அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள்: ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். டை ராட் முனைகள், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட்டுகள், பான்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது) இருந்தால் அதன் புஷ், டயர் பேலன்சிங், இவையும் பாருங்கள். தேய்ந்த பாகத்தோடு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. ஸ்டீரிங் டேம்பர் (அசைவைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் போன்ற பாகம்) போட்டு உதறலை அடக்கலாம் என்று யாராவது சொன்னால், முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம் என்று சொல்லிவிடுங்கள். டேம்பர் உதறலை மறைக்கும், தேய்மானம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும்.

கேம்பர் விஷயம் வேறு. ஐ-பீம் ஆக்சிலில் அதைத் திருப்பிச் சரிசெய்ய போல்ட் எதுவும் கிடையாது. ஆக்சிலையே சூடாக்காமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வளைக்க வேண்டும். இதைப் பழகிய கை மட்டும்தான் செய்யலாம். அளவு ஒரு டிகிரிக்குள் இருந்தால் தொடாமலே விடுவது நல்லது.

சரி, எங்கே போவது? கனரக லாரிகளுக்கு அலைன்மென்ட் செய்யும் கடையைத் தேடுங்கள். பெரிய லாரிகளில் இன்றும் ஐ-பீம் ஆக்சிலும் கிங்பின்னும்தான். அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் கார் புதிராக இருக்காது. நேரில் போகுமுன் போனில் மூன்றே கேள்வி: ஒற்றை ஆக்சில் வண்டி செய்திருக்கிறீர்களா? நான் கொடுக்கும் அளவைக் கையால் பதிவுசெய்து வேலை செய்வீர்களா? உங்கள் கிளாம்ப் என் குரோம் ரிம்மைக் கீறாமல் டயரைப் பிடிக்குமா? தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் அடுத்த கடைக்குப் போன் செய்யுங்கள்.

வண்டியை ஓடும் நிலையில் கொண்டுபோங்கள்: பெட்ரோல் பாதிக்கு மேல், டயர் காற்று சரியாக, நீங்கள் தினமும் ஏற்றும் சாமான் உள்ளே. முடிந்தால் அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்காருங்கள். இலகுவான வண்டியில் ஒரு ஆளின் எடை உயரத்தை மாற்றும்.

முதலில் பின் ஆக்சில் சட்டத்துக்குச் செங்கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்க வீல்பேஸிலும் 1/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முன்பக்கம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கார் நண்டு மாதிரிதான் போகும். அப்புறம் கேஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. கேஸ்டரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். டோவை வைக்கும்போது ஸ்டீரிங் பாக்ஸ் சரியாக நடுவில் இருக்க வேண்டும். ஸ்டீரிங் வீல் கோணலாக இருக்கிறதென்று அந்த ஸ்டீரிங் வீலை மட்டும் கழற்றித் திருப்பி மாட்டினால், நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவை விட்டு விலகியே இருக்கும்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் இரண்டும் உள்ள அச்சுத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூறு மைல் ஓட்டிய பிறகு கிளெவிஸ், டை ராட் பூட்டு நட்டுகளில் ஸ்பானர் போட்டு, ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.