உயர்மாடியில் வீடு ஆடினால் கீழே ஓட வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரின் காலாங் பகுதியில் 22ஆவது மாடியில் இருக்கிறோம். சுமத்ராவில் நிலநடுக்கம் வந்தபோது எங்கள் வீட்டு விளக்குகள் ஆடின. பக்கத்து வீட்டார் மின்தூக்கியில் இறங்கி ஓடினார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் மாமியாரை வைத்துக்கொண்டு நான் திகைத்து நின்றேன். மூன்றாம் மாடியில் யாருமே எதையும் உணரவில்லையாம். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் 1970களில் கட்டியது. பாங்காக்கில் கட்டடம் சரிந்ததைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது.

பதில்: ஓட வேண்டாம். ஆட்டம் நிற்கும்வரை படிக்கட்டும் வேண்டாம். மின்தூக்கி கூடவே கூடாது. இடையில் நின்றுபோனால் மாமியாரோடு உள்ளே மாட்டிக்கொள்வீர்கள்.

நமக்குப் பக்கத்திலுள்ள, நிலநடுக்கம் கிளம்பும் பெரும் நிலப்பிளவு சுமத்ராவில், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் வருவதற்குள், கடகடவென்று உதறும் அலைகள் தேய்ந்துவிடும். மெதுவாக அசைக்கும் நீண்ட அலைகளே இங்கு வந்து சேரும். உயரமான கட்டடமும் மெதுவாகத்தான் ஆடும். 20, 25 மாடி என்றால் ஒருமுறை போய்வர ஒன்றிரண்டு வினாடி. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சின்னக் கைக்கும் நன்றாக ஆடுமே, அதுபோலத்தான். காலாங் பகுதியின் கடற்களிமண் அந்த அசைவை இன்னும் பெருக்குகிறது. மூன்றாம் மாடிக்காரர் உணராததும் நீங்கள் உணர்ந்ததும் இரண்டுமே இயல்பு.

2025 மார்ச் 28 அன்று மியன்மாரில் 7.7 அளவு நிலநடுக்கம். அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கும் களிமண்மீது அமைந்த நகரம்தான். ஆனால் அங்கே சரிந்தது இன்னும் கட்டி முடிக்காத கட்டடம். மக்கள் குடியிருந்த உயர்மாடிகள் பயங்கரமாக ஆடின, சிலவற்றில் விரிசல் விழுந்தது, ஆனாலும் நின்றன.

உங்கள் புளோக் கட்டிய காலத்தில் இங்கு நிலநடுக்கத்துக்கென்று தனி விதி இல்லை என்பது உண்மை. உயரமான புதிய கட்டடங்களுக்கு அது 2013க்குப் பிறகுதான் வந்தது. ஆனால் காற்றின் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி அப்போதும் கட்டினார்கள். 2004, 2005, 2007, 2009 ஆண்டுகளில் சுமத்ராவில் வந்த பெரிய நிலநடுக்கங்களையும் நம் பழைய புளோக்குகள் கடந்துவந்திருக்கின்றன. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

அடுத்த முறை ஆடும்போது மாமியாரின் நாற்காலியைச் சன்னல் கண்ணாடி, அலமாரி ஆகியவற்றிலிருந்து தள்ளி நிறுத்தி, இரு சக்கரங்களின் பிரேக்கையும் போடுங்கள். அவர் முன்னே குனிந்து, தலையணையால் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ளட்டும். படுத்திருந்தால் எழுப்பாதீர்கள், தலைமேல் தலையணை போதும். நீங்கள் உறுதியான மேசைக்கடியில் புகுந்துகொள்ளுங்கள்.

நின்றதும் அடுப்பை அணையுங்கள். சாமி மாடத்தில் எரியும் விளக்கையும்தான். எரிவாயு வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல், சன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி அவசர உதவி எண் 995க்கு அழையுங்கள்.

பிறகு சுவரைப் பாருங்கள். பூச்சில் முடிபோல ஓடும் கீறல்களைக் கண்டு கலங்க வேண்டாம். பழைய வீடுகளில் முன்பே இருந்திருக்கும். தூணிலோ உத்தரத்திலோ சாய்வாக ஓடும் புதிய வெடிப்பு, காங்கிரீட் பெயர்ந்து தெரியும் கம்பி, திடீரென இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவைதான் கவலைக்குரியவை. படமெடுத்துக்கொண்டு, அந்த இடத்தை விட்டு விலகி, உடனே வீவகவுக்கோ நகர மன்றத்துக்கோ தெரிவியுங்கள். அப்படி எதுவும் இல்லை, வெளியேறும்படி அதிகாரிகளும் சொல்லவில்லை என்றால் மாமியாரைக் கீழே இறக்க வேண்டிய தேவையே இல்லை. இறக்கத்தான் வேண்டும் என்றால் தனியாகத் தூக்க முயலாதீர்கள். 995க்கு அழைத்து, எந்த மாடி, நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கைகொடுக்க வரச் சொல்லி, அதே மாடியில் இரண்டு வீட்டாரிடம் இந்த வாரமே பேசி வையுங்கள்.