கிட்டமும் பானையோடும்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் புஞ்சையில் உழும்போது கருகிய கட்டிகள் கிடைக்கின்றன. இவை தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கையில் மிஞ்சும் கழிவான கிட்டமா, செங்கல் சூளைக் கழிவா?

பதில்: கையில் தூக்கினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். சூளையில் உருகிய மண்கட்டி நுரைபோலத் துளை நிறைந்து எடை குறைந்திருக்கும். கிட்டமோ அளவுக்கு மீறிக் கனக்கும்; வெல்லப்பாகு வழிந்து உறைந்தாற்போன்ற மடிப்புகளும், சிலவற்றில் கரித்துண்டு பதிந்த தடமும் காணப்படும். அருகிலேயே நுனி கண்ணாடிபோல் உருகிய சுடுமண் குழாய் கிடந்தால், அது துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய ஊதுகுழாயாகவே இருக்கக்கூடும். எதையும் பொறுக்கி எடுக்காதீர்கள். கிடக்கும் இடமும் சான்றுதான்.

கேள்வி: இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பழங்கால மண் உலையில் அது எப்படி முடிந்தது?

பதில்: அக்காலக் கொல்லர்கள் இரும்பை உருக்கவே இல்லை. ஏறத்தாழ 1200 பாகையில் தாதுவிலுள்ள மண்ணும் மாசும் கிட்டமாக உருகி வழிந்துவிட, இரும்பு கடற்பாசிபோன்ற கட்டியாகத் தங்கும். அதைச் சூட்டோடு அடித்து இறுக்கினார்கள். உருக்கு, அதாவது எஃகு, செய்வது இதற்கடுத்த வேலை. சேலம் பக்கத்து உருக்கு முறையைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கிலேயர் ஹீத், இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மண் கிண்ணமான மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசிச் சுட்டதாகக் குறிக்கிறார். கட்டையும் இலையும் கரியாகி இரும்பில் சேரச் சேர, அதன் உருகுநிலை இறங்கிவிடுகிறது. வேலியோரச் செடிகளே இதற்குப் போதுமாயிருந்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: இரும்பின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

பதில்: பெரும்பாலும் அதனோடு அதே மண்ணடுக்கில் கிடைத்த கரியைக் கொண்டு. கிருஷ்ணகிரி மாவட்ட அகழாய்வு இடமான மயிலாடும்பாறைக்கு 2022இல் அறிவிக்கப்பட்ட கி.மு. 2172 என்ற ஆண்டும் கரிமக் கணிப்பில் வந்ததே. அடுக்குக் குலைந்திருந்தால் ஆய்வகத்தால் பயனில்லை.

கேள்வி: ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் கிடைக்கும் கருப்பு சிவப்புப் பானைகளுக்கு இரண்டு சாயம் பூசினார்களா?

பதில்: இல்லை, இரு நிறமும் சூளையில் பிறந்தவை. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் புகையில் கறுக்கின்றன. காற்றுப் படும் வெளிப்புறத்தில் களிமண்ணின் இரும்புச்சத்து சிவக்கிறது. அங்குள்ள ஓடுகளில் தமிழி (பழந்தமிழ்) எழுத்தோ குறியீடோ கண்டால் கீறலின் ஓரத்தைக் கவனியுங்கள். ஈரமண்ணில் கீறியிருந்தால் மண் இருபுறமும் மெல்ல ஒதுங்கி மேடிட்டிருக்கும். சுட்டபின் கீறியிருந்தால் ஓரம் பொரிந்து, கோடு ஆழமின்றி இருக்கும். பின்னதை எழுதியவர் குயவராகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை; பானையை வாங்கிப் புழங்கியவராகவும் இருக்கலாம்.