அல்சைமர்: வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்டவை

முதியோர் வார்டில் 26 வருடம் நர்ஸாக இருந்தேன். அப்புறம் திருச்சியில் வீட்டோடு இருந்து என் அம்மாவை 9 வருடம் பார்த்துக்கொண்டேன். அம்மாவுக்கு அல்சைமர். வார்டில் படித்ததைவிட அம்மாவிடம் படித்ததுதான் அதிகம். நான் டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று கேட்பவர்கள் தங்கள் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். மற்றதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுகிறார். இது அல்சைமரா? (சேலம், மகள்)

சாவியை மறப்பது எல்லோருக்கும் உண்டு. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று திகைத்தால் கவனிக்க வேண்டும். நாற்பது வருடம் வைத்த சாம்பாரில் புளி எப்போது விடுவது என்று தடுமாறுவது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தரம் கேட்பது, இவையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை.

ஆனால் நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, சில வாரம் கழித்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டி, அதனால் குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் தலை ஸ்கேனும் எடுக்காமல் "வயசாச்சு, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காதையும் பாருங்கள். சரியாகக் கேட்காதவர்களை மறதிக்காரர்கள் என்று வீடே முடிவு கட்டிவிடுகிறது.

டிமென்ஷியா, அல்சைமர் இரண்டும் ஒன்றா? (தூத்துக்குடி)

டிமென்ஷியா என்பது நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் மூளை நோய்களுக்குப் பொதுப் பெயர். அதில் நூற்றுக்கு 60 முதல் 70 பேருக்கு இருப்பது அல்சைமர். 1901-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற ஐம்பத்தோரு வயதுப் பெண்மணியைச் சேர்த்தார்கள். அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் அவரிடம் பேசியதைக் குறித்து வைத்திருக்கிறார். காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, கீரை என்றாராம். பெயர் எழுதச் சொன்னால் "திருமதி" என்று எழுதிவிட்டு நின்றுவிட்டார். என்னையே நான் தொலைத்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா 1906-ல் இறந்த பிறகு மூளையைச் சோதித்து, அங்கே படிந்திருந்தவற்றையும் முறுக்கிக் கிடந்த இழைகளையும் டாக்டர் விவரித்தார். அமிலாய்டு, டௌ என்ற புரதங்கள் என்று இன்று சொல்வது அவற்றைத்தான்.

குணப்படுத்த மருந்து உண்டா? (மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்)

முழுவதும் குணமாக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. டோனிபெசில், ரிவாஸ்டிக்மின், காலண்டமைன், மெமண்டின் என்று சில உண்டு. சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவைத் தாங்கிப் பிடிக்கும், நோயை நிறுத்தாது. லெகானிமாப் என்ற ஊசி மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் முழு அனுமதி கிடைத்தது, 2024-ல் டோனானிமாப் வந்தது. இரண்டும் ஆரம்ப நிலைக்கு மட்டும். சரிவை ஓரளவு மெதுவாக்கும், அவ்வளவுதான். மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். நகையை அடகு வைத்துவிட்டு ஓடும் முன் நரம்பியல் டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

வல்லாரை? தேங்காய் எண்ணெய்? (கரூர்)

துவையலாக அரைத்துக் கொடுங்கள், நல்ல கீரை. இந்த நோயை அது மாற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எண்ணெய்க்கும் இல்லை.

சாயங்காலம் ஆனால் மாமியார் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொள்கிறார். இதுதான் உங்கள் வீடு என்றால் அடிக்க வருகிறார். (கும்பகோணம், மருமகள்)

பொழுது சாயும் நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. அலுப்பு, மங்கும் வெளிச்சம், நீளும் நிழல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் காபி வேண்டாம். டிவி சத்தத்தைக் குறையுங்கள். பசியா, பாத்ரூம் போக வேண்டுமா என்று பாருங்கள். கேட்கத் தெரியாமல் பையைத் தூக்கலாம்.

"வீடு" என்று அவர் சொல்வது பெரும்பாலும் கட்டிடத்தை இல்லை, எல்லாம் தெரிந்திருந்த ஒரு காலத்தை. "இதுதான் வீடு" என்று நீங்கள் அடித்துச் சொல்லச் சொல்ல, தன்னை யாரோ பிடித்து வைத்திருப்பதாகத்தான் அவருக்குத் தோன்றும். "போகலாம் அத்தை, உங்க வீட்டுல கிணறு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பியுங்கள். செருப்பை மாட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்து திரும்புங்கள்.

என் அம்மாவுக்கு முறம் உதவியது. ஐந்து மணிக்குத் துவரம்பருப்பும் பச்சைப்பயறும் கலந்து முறத்தில் போட்டு, "அம்மா, இது கலந்துபோச்சு, பிரிச்சுக் குடேன்" என்பேன். என் பெயர் வராத நாளிலும் அவள் விரல் தவறியதில்லை. பயறு இடப்பக்கம், பருப்பு வலப்பக்கம், சொத்தை மடியில். ஏழு மணிக்கு முடிப்பாள். அவள் தூங்கிய பிறகு மறுபடி கலந்து வைப்பேன்.

அம்மா தினமும் "அப்பா இன்னும் வரலையா" என்கிறார். அப்பா போய் ஐந்து வருடம். என்ன சொல்ல? (மதுரை, மகன்)

முதலில் நானும் உண்மையைத்தான் சொன்னேன். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர். "அப்பா செத்து ஆறு வருஷம் ஆச்சும்மா" என்றேன். அப்போதுதான் கேள்விப்படுவதுபோல அலறினாள். கழுத்தைத் தடவித் தாலியைத் தேடினாள். அரை மணியில் மறந்துவிட்டு மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னேன், மறுபடி கழுத்தைத் தடவினாள். ஒரே மதியத்தில் மூன்று தரம் அவளை விதவையாக்கினேன். நான்காவது தரம், "அப்பாவுக்கு இன்னிக்கு செகண்ட் ஷிஃப்ட்" என்றேன். "அப்ப ராத்திரிக்கு ரசம் சூடா இருக்கணும்" என்று எழுந்து போனாள்.

இதை ஏற்க முடியாது. பெற்றவளிடம் பொய் சொல்லச் சொல்கிறீர்கள். என் மனைவிக்கும் இந்த நோய்தான். உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

ஆசிரியர் சொல்வது சரி. பாட்டியிடம் சமாளித்தோம், கண்டுபிடித்துவிட்டார். அதற்கப்புறம் எங்கள் கையால் மாத்திரைகூட வாங்கவில்லை. (பெங்களூரு)

இரண்டு பேரும் ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லிப் பார்க்கட்டும். (மதுரை மகன் மீண்டும்)

தம்பி, கோபம் வேண்டாம். ஐயா கேட்டது நியாயமான கேள்வி. இதைப் பேசத்தான் எனக்கும் ஆசை, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஐயா, உங்கள் மனைவி எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான் முக்கியம். ஆரம்ப நிலையில் இருப்பவரிடம் நோயின் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும். பணம், சொத்து, வைத்தியம் பற்றி அவரே முடிவெடுக்கும் காலம் அது. அதை மறைப்பதுதான் துரோகம். பாட்டி கண்டுபிடித்தார் என்றால், கண்டுபிடிக்கும் அளவு தெளிவு இருந்திருக்கிறது. அவரிடம் சமாளித்திருக்கக் கூடாது. கையெழுத்து வாங்கப் பொய், வீட்டைக் காலி செய்யப் பொய், இவற்றை எந்த நிலையிலும் நான் ஏற்கவில்லை.

எங்கள் வார்டில் ஒரு காலத்தில் பலகையில் தேதி, கிழமை, ஊர் எழுதி வைத்து தினமும் வாசிக்கவைப்போம். லேசான மறதிக்கு அது உதவும். முற்றியவர்களுக்கு அது தினசரிப் பரீட்சை, தினசரித் தோல்வி. அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் வேலை செய்த நவோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர் இதைப் பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார். திருத்தவும் வேண்டாம், பொய்யும் வேண்டாம், அந்தக் கேள்விக்குள் இருக்கும் உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள் என்றார். அப்பா வரலையா என்றால், "அப்பாவைத் தேடுதாம்மா? வந்ததும் முதல்ல என்ன கேப்பார்?" என்பது. இதில் பொய் இல்லை ஐயா. பின்னாளில் நானும் பெரும்பாலும் இதைத்தான் செய்தேன். செகண்ட் ஷிஃப்ட் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். வேறு எதுவும் எடுபடாத ராத்திரிகளில் அதைச் சொன்னேன். இன்று கேட்டாலும் சொல்வேன்.

முறத்தில் நீங்களே கலந்துவிட்டு "கலந்துபோச்சு" என்றதும் பொய்தானே? (தமிழாசிரியர்)

ஆமாம் ஐயா. இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பருப்பைப் பற்றிச் சொன்னது பொய். பிரித்துக் கொடுத்ததும் "நீ இல்லாட்டி எனக்கு எப்படிம்மா ஆகும்" என்பேன், அது பொய் இல்லை. உங்கள் மனைவிக்கு நீங்கள் உண்மையே சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர் முகத்தை மட்டும் பாருங்கள். முகம் தாங்கவில்லை என்றால் அன்றைக்கு இன்னொரு தரம் சொல்லாதீர்கள். இதற்கு மேல் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டிய அவசியம் இல்லை.

ஞாபக சக்தியைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது மருந்து…? (இருவர்)

மேலே சொல்லிவிட்டேன். இல்லை.

சொந்தக்காரர்கள் வந்தால் அப்பா மிரண்டுபோகிறார். (நாகர்கோவில்)

வருகிறவர்கள் "நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கிறார்களா? கேட்பார்கள். தயவுசெய்து யாரையும் கேட்க விடாதீர்கள். தெரியாமல் விழிக்கும் அந்த நேரத்தில் அவர் படும் வெட்கம், கேள்வி மறந்த பிறகும் உடம்பில் தங்கும். வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்: "அப்பா, நான் உங்க தங்கச்சி மகன், பார்க்க வந்தேன்" என்று வந்தவர்தான் முதலில் பெயர் சொல்ல வேண்டும்.

இரண்டே நாளில் அம்மா தலைகீழாக மாறிவிட்டார். யாரோ சுவரில் நிற்கிறார் என்கிறார். நோய் முற்றிவிட்டதா? (ஈரோடு)

இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அல்சைமர் இரண்டு நாளில் முற்றாது. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீர்ச்சத்து குறைவு, நாள்பட்ட மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை, இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். காய்ச்சல் இல்லை என்பதால் தொற்று இல்லை என்று நினைக்காதீர்கள்.

தூக்க மாத்திரை கொடுக்கலாமா? பக்கத்து மெடிக்கலில் தருகிறார்கள். (நான்கு பேர்)

கொடுக்காதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கி எதையும் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரை போட்டு ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பு உடைந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன். ஜலதோஷ மாத்திரைகளில் சிலகூட குழப்பத்தைக் கூட்டும். ஆவேசத்தை அடக்கும் மனநோய் மருந்துகள் இந்த முதியவர்களுக்கு உயிராபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்தது. வேறு வழியில்லாதபோது டாக்டர் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தருவார். அது அவர் வேலை.

அப்பா பெயரில் வீடு, பென்ஷன். பவர் எழுதி வாங்கினால் போதுமா? (சென்னை)

போதாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் பவர் செல்லாது. உங்களுக்கு அது தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்காது. அவர் தெளிவாக இருக்கும்போதே உயில், கூட்டுக் கணக்கு, நாமினி எல்லாவற்றையும் அவர் விருப்பப்படி முடியுங்கள். காலம் கடந்திருந்தால் காப்பாளர் நியமனம் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டிவரும், வக்கீலைப் பாருங்கள். பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றுக்கு அவரை அலைக்கழிக்காதீர்கள். மொபைலில் முகத்தைக் காட்டியே தரலாம், தபால்காரரும் வீட்டுக்கு வருவார்.

எனக்கும் வருமா? (பலர்)

அப்பா அம்மாவுக்கு 70, 80 வயதில் வந்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், வந்தே தீரும் என்பதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, காது, கண் இவற்றைக் கவனியுங்கள். டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியது என்று 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் கணக்குச் சொன்னது.

மூன்று வருடமாகத் தனியாகப் பார்க்கிறேன். சில நாள் அம்மா போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. நான் கெட்டவளா? (ஊர் வேண்டாம்)

இல்லைம்மா. எனக்கும் தோன்றியிருக்கிறது. குளிப்பாட்டும்போது கையை ஓங்கி நிறுத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் போன் செய்து, பணம் வேண்டாம், மாதம் நாலு நாள் நீ வந்து இரு என்றேன். நீங்களும் நாளையே கேளுங்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டெம்கேர்ஸ் பிரிவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஏஆர்டிஎஸ்ஐ என்ற இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல ஊர்களில் கிளை உண்டு. நல்ல இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. போய்ப் பார்க்காமல் இருப்பதுதான் கைவிடுவது.

அத்தை சாப்பிட மறுக்கிறார், வாயிலேயே வைத்துக்கொள்கிறார். மூக்கில் ட்யூப் போடலாமா? (புதுச்சேரி)

கடைசிக் கட்டத்தில் விழுங்கும் வேலையையும் மூளை மறக்கும். உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும், பலருக்கு முடிவு அப்படித்தான் வருகிறது. ட்யூப் போட்டால் ஆயுள் கூடும் என்பதற்கோ நிமோனியா தடுக்கப்படும் என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. பிடுங்கிப்போடாமல் இருக்கக் கையைக் கட்டுவார்கள். அதனால் முற்றியவர்களுக்குப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. உங்கள் அத்தையின் விஷயத்தில் டாக்டரோடு குடும்பமே உட்கார்ந்து முடிவெடுங்கள். முதலில் பல்லும் வாய்ப்புண்ணும் பார்க்கச் சொல்லுங்கள், வலியாலும் மறுப்பார்கள்.

ஊட்டும்போது நேராக உட்காரவையுங்கள், தாடை சற்றுக் கீழே இருக்கட்டும். தண்ணீராக இருப்பதைவிடக் குழைவாக இருப்பது இறங்கும். அரை ஸ்பூன், விழுங்கியதைத் தொண்டையில் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரு கிண்ணத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும், ஆகட்டும். என் அம்மா கடைசி மாதங்களில் ரசம் விட்டுக் குழைத்த சாதத்துக்கு மட்டும் வாய் திறந்தாள், அதுவும் அதைச் சூடாகக் கொண்டுபோனால்தான்.