ஜப்பானில் ஆசிரியை வேலை: இறங்கியதும் எதை முதலில் முடிப்பது?

கேள்வி: ஏப்ரலில் ஜப்பானில் ஒரு நகராட்சி நடுநிலைப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாகச் சேரப் போகிறேன். வேலைக்கு எடுத்த நிறுவனமே வீடும் பார்த்துத் தருகிறது. போனதும் சிம் வாங்குவதா, வங்கிக் கணக்கு தொடங்குவதா? கையில் எவ்வளவு பணம் வேண்டும்? நான் சைவம்.
– மதுரை வாசகி

பதில்: இரண்டுக்கும் முன்னால் நகராட்சி அலுவலகம். நரிதா, ஹனேடா, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டையைத் தந்துவிடுவார்கள். ஆனால் அதில் முகவரி இருக்காது. வீட்டுக்குப் போன 14 நாட்களுக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அப்போதுதான் அட்டையின் பின்பக்கம் முகவரி ஏறும். அது இல்லாமல் மாதக் கட்டணப் போன் இணைப்பு கிடைக்காது, போன் எண் இல்லாமல் வங்கியில் வேலை நகராது, கணக்கு இல்லாவிட்டால் சம்பளம் எங்கே வந்து விழும்? அதுவரை ஒரு டேட்டா சிம் போதும். நகராட்சிக்குப் போகும் முன், உங்களை ஊழியர் காப்பீட்டில் சேர்க்கிறார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் தேசிய மருத்துவக் காப்பீட்டில் அன்றே பதிந்துவிடலாம். எதில் சேர்ந்தாலும் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் உங்கள் பங்கு.

அடுத்தது பெயர். நம்மவர்கள் அதிகம் திண்டாடுவது இதில்தான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அட்டையில் ஆங்கில எழுத்தில் பெயர் வரும். வங்கிப் படிவமோ அதைக் கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் கேட்கும். அந்த எழுத்துகளில் ல, ள, ழ, ர எல்லாம் ஒன்றுதான். நீளும் உயிருக்கு ஒரு கோடு போடுவார்கள். 'தமிழ்ச்செல்வி' என்ற பெயரை ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதித் தருவார்கள். வங்கிக் கணக்கில் ஒரு விதமாகவும் சம்பளப் படிவத்தில் வேறு விதமாகவும் இருந்தால், அந்த ஒரு கோட்டுக்காகப் பணம் திரும்பிப் போகலாம். ஜப்பானியர் ஒருவரைக் கேட்டு ஒரே வடிவத்தை முடிவு செய்து, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படிவத்திலும் அதையே பார்த்து எழுதுங்கள். இன்னொன்று: பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்குமிடத்தில் அப்பா பெயர் இருந்தால், பள்ளியில் உங்களை 'சுப்பிரமணியம் சென்செய்' (சென்செய் என்றால் ஆசிரியர்) என்றுதான் அழைப்பார்கள். வேண்டாமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பிறகு மாற்றுவது கஷ்டம்.

நாட்டுக்கு வந்து 6 மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்கு தரப் பல வங்கிகள் தயங்கும். வேலை ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள்; நிறுவனத்தின் சம்பளம் எந்த வங்கி வழியாக வருகிறதோ அங்கே முயல்வது சுலபம். முதல் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். என் கணிப்பில் கையில் 2 லட்சம் யென் வேண்டும், வீட்டு முன்பணமும் உங்கள் தலையில் என்றால் 3 லட்சம். எல்லாவற்றையும் ரொக்கமாகச் சுமக்க வேண்டாம். செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். கிளம்பும் முன் உங்கள் கார்டில் சர்வதேசப் பயன்பாட்டை மறக்காமல் இயக்கிவிடுங்கள்.

வீடு என்றால் நான்கு சுவர்தான். விளக்கு, திரைச்சீலை, அடுப்பு எதுவுமே இல்லாத வீடுகள் அங்கே சகஜம். மின்சாரமும் தண்ணீரும் எளிதில் வந்துவிடும். கேஸுக்கு மட்டும் ஆள் வந்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போது திறந்து கொடுக்க வேண்டும். வெந்நீரும் பெரும்பாலும் அந்த கேஸில்தான் வரும், ஏப்ரலில் இன்னும் குளிர் விட்டிருக்காது. ஆகவே நீங்கள் இறங்கும் நாளுக்கே அந்த நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லி இப்போதே நிறுவனத்துக்கு எழுதுங்கள். குப்பைக்குக் கிழமை வாரியாக அட்டவணை உண்டு, நகராட்சியிலேயே கேட்டு வாங்கலாம்.

பள்ளிக்கு உள்ளே மட்டும் போட ஒரு ஜோடி சுத்தமான ஷூ வேண்டும். மதிய உணவுதான் உங்களுக்குச் சிக்கல். காய்கறிக் குழம்பிலும் சூப்பிலும் மீன் வேகவைத்த சாறு கலந்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி கேட்பதே நல்லது, துணைத் தலைமை ஆசிரியரைக் கேட்டால் வேலை முடியும்.

குடியிருப்பு அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும், கையில் இல்லாவிட்டால் அபராதம் உண்டு. அப்புறம் யாராவது தங்கள் பிள்ளைக்கு ஆங்கில டியூஷன் கேட்டால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். உங்கள் விசா பள்ளிப் பணிக்கானது. வெளியே காசு வாங்கிச் சொல்லிக்கொடுக்கக் குடிவரவு அலுவலகத்தின் தனி அனுமதி வேண்டும்.