ஆள் மயக்கும் பேச்சு: கேள்விகளும் பதில்களும்

கே: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவர், குழாய்த் தண்ணீரில் கம்பி விட்டுக் காட்டினார். பழுப்பாகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அம்மா பயந்துபோய் 2,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) கையெழுத்துப் போட்டுவிட்டார். நான்கு நாளாகிறது.

ப: அந்தப் பழுப்பு கம்பியிலிருந்து வந்தது தம்பி. கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று அலுமினியம். குழாய்த் தண்ணீரில் தாது உப்பு இருப்பதால் மின்சாரம் பாய்ந்து இரும்பு கரையும். நீங்கள் பார்த்தது துரு. அவருடைய தண்ணீரில் உப்பில்லை, மின்சாரம் ஓடாது. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் பழுப்பாகும்.

மலேசியாவின் 1993 நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்றதை, 300 வெள்ளி அல்லது அதற்கு மேல் என்றால், 10 வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். இன்றே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போனில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு உட்காராதீர்கள். பணம் திரும்பாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை.

கே: நான் பொருள் விற்கும்போது எவரும் மறுக்க முடியாதபடி ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்?

ப: கிடையாது. அடுத்தவர்.

கே: கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் எனக்குப் புடவைக் கடை. வருகிறவர்கள் “பார்த்துவிட்டு வருகிறேன்” என்று போய்விடுகிறார்கள்.

ப: இருபதை விரித்தால் அப்படித்தான். யாருக்கு, என்ன விசேஷம், எவ்வளவுக்குள் என்று கேட்டு மூன்றை விரியுங்கள். சாயம் விடும் என்றால் நீங்களே முந்திச் சொல்லுங்கள். கடைசியில், “எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம் அக்கா.” பிரான்சில் 2000-இல் குவேகன், பாஸ்குவால் என்ற ஆய்வாளர்கள், வழிப்போக்கரிடம் பஸ் காசு கேட்கும்போது இப்படி ஒரு வரி சேர்த்துப் பார்த்தார்கள். பத்துக்கு ஒருவர் கொடுத்த இடத்தில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கொடுத்தார்கள்.

கே: வடிகட்டிக்காரரைத் திட்டிவிட்டு நீங்களும் தந்திரம்தானே சொல்லித் தருகிறீர்கள்?

ப: தந்திரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை வெளியில் சொல்லிப் பாருங்கள். “இப்படிச் சொன்னால் வாங்குவார்களாம்” என்றால் அக்கா சிரிப்பார். பிடித்த புடவையை எடுக்கத்தான் செய்வார். “கம்பி கரைந்துதான் பழுப்பாகிறது” என்று சொல்லி ஒரு வடிகட்டியை விற்கச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒன்று: இஷ்டம் என்று வாயால் சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தால் நீங்களும் வடிகட்டிக்காரர் பக்கம்தான்.

கே: அப்படியானால் தீபாவளிக்கு மூன்று வாரமாக ‘இன்றே கடைசி’ பலகை? எல்லாக் கடையிலும் இருக்கிறதே!

ப: எல்லாரும் மாட்டினால் பொய் மெய்யாகுமா? தேதி போடுங்கள். அந்தத் தேதியில் கழற்றுங்கள்.

கே: பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் பாட்டியும் வடிகட்டிக்குக் கையெழுத்து…

ப: முதல் பதில்! கையெழுத்துப் போட்ட நாளை விட்டு, வேலை நாளை மட்டும் எண்ணுங்கள்.