கட்டடக்கலை அலுவலகம்: பதிவுப் பத்திரத்தைவிட மணிக்கணக்கு முக்கியம்

"நண்பர்கள் மூவர் சேர்ந்து கட்டடக்கலை அலுவலகம் தொடங்கப் போகிறோம். கூட்டாண்மை நல்லதா, கம்பெனி நல்லதா? பெரிய நிறுவனங்கள் தங்களை எப்படி அமைத்துக்கொள்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய அலுவலகத்திலும் பெரிய அலுவலகத்திலும் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, இப்போது ஒன்றில் பங்குதாரராக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

சட்டப் பதிவை முதலில் முடித்துவிடுவோம். சாதாரணக் கூட்டாண்மையில் ஒருவர் செய்த பிழைக்கு மற்றவர்களின் சொந்தச் சொத்தும் பொறுப்பேற்க நேரும். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மையும் கம்பெனியும் அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆனால் வரைபடத்தில் கையெழுத்திட்டவரின் தொழில்முறைப் பொறுப்பு பல நாடுகளில் எந்தப் பதிவினாலும் நீங்கிவிடுவதில்லை. அதற்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பெரும்பான்மைப் பங்கு பதிவுபெற்ற கட்டடக்கலைஞர்களிடம்தான் இருக்க வேண்டும் என்று சில இடங்களில் சட்டமே உண்டு. மீதியை ஒரு நல்ல கணக்காளர் ஒரே அமர்வில் சொல்லிவிடுவார்.

உண்மையான சிக்கல் வருமானக் கணக்கில் இருக்கிறது. நாம் செலவழிப்பது ஆட்களின் நேரத்தை. கட்டணமோ பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்றோ, மொத்தமாக ஒரு தொகை என்றோ பேசி முடிக்கப்படுகிறது. வாடிக்கையாளர் நான்கு முறை மனம் மாறினால் நேரம் கூடும், கட்டணம் கூடாது. சதவீதக் கணக்கில் இன்னொரு வேடிக்கை: மண்டையைப் பிய்த்துக்கொண்டு கட்டுமானச் செலவைக் குறைத்துக் கொடுத்தால் நம் கட்டணமும் சேர்ந்து குறைகிறது! முன்பு கட்டடக்கலைஞர்களின் தொழில்முறைச் சங்கங்கள் வகுத்த கட்டண அட்டவணைகள் ஓரளவு காப்பாற்றின. அமெரிக்காவில் விலைப் போட்டிக்கு இருந்த தடையை 1972-இல் அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது. பிரிட்டனில் 1982-இல் அட்டவணை கட்டாயம் என்ற நிலை போயிற்று. அதன் பிறகு, யார் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்ற மணிக்கணக்கை எழுதாமல் ஓர் அலுவலகத்தை நடத்துவது சூதாட்டம்தான்.

தொழிலில் புழங்கும் தோராயமான கணக்கு இது: ஓர் ஊழியரின் சம்பளம் மணிக்கு எவ்வளவோ அதன் மூன்று மடங்கு கட்டணமாக உள்ளே வர வேண்டும். வாடகை, மென்பொருள், காப்பீடு, யாரிடமும் விற்க முடியாத நேரம் எல்லாம் போக லாபமென்று மிஞ்சுவது சொற்பம். விற்க முடியாத நேரம் அதிகம் உள்ளவர்கள் பங்குதாரர்கள்தாம். வேலை பிடிப்பதும், பாக்கியைக் கேட்டு அலைவதும், சம்பளமில்லாத வடிவமைப்புப் போட்டிகளும் அவர்கள் தலையில்தான் விழும்.

அமெரிக்காவில் வழக்கமாகப் பின்பற்றப்படும் ஒரு பங்கீட்டைப் பாருங்கள். முதற்கட்ட வடிவமைப்புக்குக் கட்டணத்தில் 15 சதவீதம், அதை விரித்தெடுக்க 20, கட்டுமான வரைபடங்களுக்கு 40, டெண்டருக்கு 5, கட்டும்போது மேற்பார்வைக்கு 20. இளைஞர்கள் நடத்தும் அலுவலகம் எங்கே தடுக்கி விழும் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. அந்த முதல் 15-க்குள் பாதிக் காசைக் கரைத்துவிட்டு, வரைபடக் கட்டத்தில் இரவு பகலாக உழைப்பார்கள். அதற்குப் பிறகு பணித்தளத்துக்குப் போய்வரக்கூடப் பணம் இருக்காது.

நிறுவனங்களின் உள்ளமைப்பு இங்கிருந்துதான் பிறக்கிறது. ஒரு வகையில் வடிவமைப்பு, வரைபடம், பணித்தளம் என்று துறை துறையாகப் பிரித்து, வேலையைக் கைமாற்றிவிடுவார்கள். ஆட்கள் தங்கள் வேலையில் தேர்ந்துவிடுவார்கள், வேகம் கிடைக்கும். ஆனால் மழைநீர் எங்கே கசிகிறது என்பது அந்தக் கூரையை வடிவமைத்தவரின் காதுக்குக் கடைசிவரை எட்டாது. இன்னொரு வகையில் ஒரே குழு முதல் கோட்டிலிருந்து சாவி கொடுக்கும் வரை கூடவே இருக்கும். நான் இரண்டிலும் இருந்தவன். என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். என்ன, ஒரு திட்டம் நின்றுபோனால் குழு முழுவதும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதனால் பெரிய நிறுவனங்கள் இரண்டையும் கலந்து வைத்துக்கொள்கின்றன.

உள்ளமைப்பு எதுவானாலும் பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் பொருந்த வேண்டும். அதற்குப் பழைய உதாரணம் 1873-இல் சிகாகோவில் தொடங்கிய பர்ன்ஹாம் - ரூட் அலுவலகம். ரூட் வடிவமைத்தார், வாடிக்கையாளரையும் அலுவலகத்தையும் பர்ன்ஹாம் பார்த்துக்கொண்டார். 1891-இல் ரூட் இறந்த பிறகும் பர்ன்ஹாமால் அலுவலகத்தை இன்னும் பெரிதாக்க முடிந்தது. மறுபக்கம், 1945-இல் கட்டடக்கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ் அமெரிக்காவில் ஏழு இளையவர்களோடு தொடங்கிய கூட்டு அலுவலகம். எல்லோரும் சமம், எல்லாம் கூட்டு முயற்சி என்பதே அதன் கொள்கை. உலகப் புகழ் பெற்றது. 1995-இல் திவாலாகி மூடப்பட்டது. வீழ்ச்சிக்குச் சமத்துவம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வரவு-செலவு அதற்குச் சலுகை காட்டுவதில்லை.

1980-களில் வெல்ட் காக்ஸ் என்ற நிர்வாக ஆலோசகர் இந்த அலுவலகங்களை விற்கும் பொருளை வைத்து வகைப்படுத்தினார்: புதிய யோசனையை விற்பவை, அனுபவமும் சேவையும் விற்பவை, சொன்ன நாளில் சொன்ன செலவில் முடித்துக்கொடுப்பதை விற்பவை. தொழிலை வாழ்க்கைமுறையாகப் பார்க்கிறவர்கள், வணிகமாகப் பார்க்கிறவர்கள் என்றும் பிரித்தார். உங்களுக்கு முக்கியம் இந்த இரண்டாவது வகைப்பாடுதான். ஒருவர் விருதுக்காகவும் மற்றவர் வீட்டுக் கடனுக்காகவும் உழைக்கிற அலுவலகத்தில், நல்ல வேலை வரும்போதுதான் முதல் சண்டையே வரும்.

அடுத்தது வெளியேற்றம். இதைப் பற்றித் தொடங்கும்போது யாரும் பேசுவதில்லை. இப்படிப்பட்ட நிறுவனத்தின் மதிப்பெல்லாம் மாலையில் வீட்டுக்குப் போய்விடும் ஆட்களிடம் இருக்கிறது. வெளியார் பெரிய விலைக்கு வாங்க மாட்டார்கள், உள்ளே இருக்கும் இளையவர்களிடம் வாங்கப் பணம் கிடையாது. அதனால் வருங்கால லாபத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கைமாறுவதே வழக்கம். சிலர் ஊழியர்களுக்கான அறக்கட்டளையிடம் உரிமையை ஒப்படைக்கிறார்கள். பொறியியலில் பெயர்பெற்ற ஆரூப் நிறுவனம் அப்படித்தான் இயங்குகிறது. கட்டடக்கலைஞர் ஸாஹா ஹதித் 2016-இல் மறைந்த பின், அவர் பெயரைத் தாங்கிய நிறுவனமும் 2021-இல் அந்த வழிக்கு வந்தது.

ஆகவே எந்தப் பதிவை எடுத்தாலும், தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமும் லாபப் பங்கும் வேறு வேறு என்று அதில் இருக்கட்டும். ஒருவர் விலகினால் அவர் பங்கை எந்தக் கணக்கில், எத்தனை ஆண்டுகளில் கொடுப்பது என்பதையும், பாதியில் நிற்கும் திட்டங்களுக்கு யார் பொறுப்பு என்பதையும் இன்றைக்கே பேசிவிடுங்கள். போட்டிகளுக்கு ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு வரம்பு வையுங்கள். அதைத் தாண்ட மூவரின் கையெழுத்தும் வேண்டும்.