ரிசோர்ட் இல்லாமல் கரீபியன் கடற்கரைக்குக் குடும்பமாகப் போய்வர முடியுமா?

ரொறன்ரோவில் இருந்து நாலு பேர், ஒரு கிழமை விடுமுறை, எல்லாம் அடங்கிய ரிசோர்ட்டுக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை, வேறு வழி உண்டா, எந்தத் தீவு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி உண்டு. என்னைக் கேட்டால் பார்படோஸ். நாங்களும் இங்கிருந்து இரண்டு பிள்ளைகளோடு போய், ரிசோர்ட் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் ஒன்பது இரவு இருந்துவிட்டு வந்தோம்.

அது மலிவான தீவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சுப்பர்மார்க்கெட்டில் திராட்சையும் சீஸும் என்ன விலை என்று பார்த்தால் தலை சுற்றும். ஆனாலும் இரண்டு விசயம் அங்கே நமக்குச் சாதகம். கடற்கரை எல்லாமே பொது; எத்தனை நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் அதன் முன்னால் இருக்கும் மணலில் நீங்கள் துண்டை விரித்து உட்காரலாம். நாற்காலியும் குடையும்தான் அவர்களுடையவை. இரண்டாவது, பஸ். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம். நாங்கள் போனபோது 3.50 பார்படோஸ் டாலர், அதாவது 1.75 அமெரிக்க டாலர். அவர்களுடைய இரண்டு டாலருக்கு அமெரிக்க டாலர் ஒன்று என்பது நிலையான கணக்கு, அதனால் எந்த விலையையும் பாதியாக்கிப் பார்த்தால் போதும். தீவே 34 கிலோமீட்டர் நீளமும் 23 கிலோமீட்டர் அகலமும்தான். காரே எடுக்காமல் முழுவதையும் பார்க்கலாம்.

ஆகவே செலவு என்பது பெரும்பாலும் விமானமும் படுக்கையும்தான். டிசம்பர் நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை இரண்டும் உச்சத்தில் இருக்கும். நாங்கள் மே மாதம் போனோம். சமையலறையோடு இரண்டு அறை வீடு இரவுக்கு 100 அமெரிக்க டாலருக்குள் அமைந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிப் பருவம். பார்படோஸ் கிழக்கே தள்ளி இருப்பதால் பல புயல்கள் விலகிப் போய்விடும் என்பார்கள், ஆனால் 2024 ஜூலையில் பெரில் சூறாவளியின் அலைகள் அங்கே மீன்பிடிப் படகுகளை நொறுக்கித் தள்ளின. அந்த மாதங்களில் போவதென்றால் காப்புறுதி எடுக்காமல் போகாதீர்கள்.

வீடு எங்கே எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்குக் கரை பணக்காரர்களின் கரை. நமக்குத் தெற்குக் கரை: ஹேஸ்டிங்ஸ், வோர்திங், ஒய்ஸ்டின்ஸ். தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இருந்து இந்த ஊர்கள் வழியாக சில்வர் சாண்ட்ஸ் வரை 11ஆம் இலக்க வான்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் இருந்து ஐந்து நிமிட நடைக்குள் வீடு பாருங்கள். கடல் தெரியும் ஜன்னலுக்கு அதிகம் கொடுக்காதீர்கள், பகலில் நீங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை.

பஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல் நாள் நாங்கள் தடுமாறியது அதில்தான். மூன்று வகை. நீல நிறப் பெரிய பஸ் அரசாங்கத்தினுடையது. அதில் மிச்சக்காசு தரமாட்டார்கள், எண்ணிச் சரியாகப் போட வேண்டும். மஞ்சள் மினிபஸ்ஸும், இலக்கத் தகட்டில் இசட் ஆர் என்று தொடங்கும் வெள்ளை வானும் தனியார் வண்டிகள். அவற்றில் மிச்சம் தருவார்கள். தரிப்பிடத்தில் வட்டப் பலகை இருக்கும். தெருவின் ஒரு பக்கத்துப் பலகையில் 'நகரத்துக்கு', எதிர்ப்பக்கத்துப் பலகையில் 'நகரத்துக்கு வெளியே' என்று எழுதியிருக்கும். நாங்கள் மாறிநின்று இருபது நிமிடம் வெயில் காய்ந்தோம்.

அந்த வெள்ளை வானில் ஒருமுறையாவது ஏறுங்கள். பாட்டு காதைப் பிளக்கும். இடமே இல்லை என்று நாம் நினைக்கும்போது இன்னும் மூன்று பேரை ஏற்றுவார்கள். எங்களோடு ஒரு வயதான அம்மா ஏறினார். மடியில் பை, தலையில் தொப்பி. ஏறியதும் எல்லோரையும் பார்த்து 'குட் மார்னிங்' என்றார், வான் முழுவதும் திருப்பிச் சொன்னது. அங்கே அதுதான் வழக்கம், கடைக்குள் நுழைந்தாலும் முதலில் வணக்கம், பிறகுதான் பேச்சு. என் சின்னவள் மறுநாள் தானாகவே சொல்லத் தொடங்கிவிட்டாள். பிறகு நாங்கள் எங்கே இறங்க வேண்டும் என்பதை எங்களைவிட மற்றவர்களே கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இனி கடற்கரைகள். பிள்ளைகளுக்கு ஒய்ஸ்டின்ஸ் பக்கத்தில் உள்ள மயாமி கடற்கரை, பிரிட்ஜ்டவுனை ஒட்டிய கார்லைல் விரிகுடா, இரண்டும் போதும். கார்லைலில் ஆமை பார்க்கப் படகுச் சுற்றுலா விற்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையில் இருந்தே போகலாம், படகுகள் வரும் என்பதைக் கவனித்துக்கொண்டு. 1919இல் மூழ்கிய ஒரு பிரெஞ்சு இழுவைக் கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கிடக்கிறது. அதன் இரும்பெல்லாம் பவளம் ஏறி, மஞ்சள் கோடு போட்ட மீன்கள் உள்ளே புகுந்து வெளியே வருவதை மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய எந்தக் காட்சியும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

கிழக்கே பத்ஷீபாவுக்கும் பஸ்ஸில் போய்வாருங்கள். காளான் மாதிரி அடி தேய்ந்த பெரும் பாறைகள் கடலுக்குள் நிற்கும். ஆனால் அது அட்லாண்டிக் கடல், அலைச்சறுக்குக்காரர்களின் இடம். தயவுசெய்து அங்கே நீந்த வேண்டாம். பாறைகளுக்கு இடையில் தேங்கும் குளங்களில் உட்காரலாம், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் நமக்கு அந்நியம் குறைவு. அவர்களுடைய தேசிய உணவு 'குகூ'வும் பறக்கும் மீனும். குகூ என்பது சோளமாவையும் வெண்டிக்காயையும் சேர்த்து மரத்துடுப்பால் கிண்டும் களி. பறக்கும் மீன் நம் கடலில் கோலா என்போமே, அதுதான். ஈரப்பலாவை நெருப்பில் கருகச் சுட்டுத் தருவார்கள். தோலைப் பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும், அதில் கொஞ்சம் வெண்ணெய். என் மனுசி யாழ்ப்பாணத்து நினைவில் இரண்டு தரம் வாங்கினாள். உருளைக்கிழங்குக் கறி சுற்றிய ரொட்டி பல கடைகளில் உண்டு, சைவக்காரருக்கு அதுதான் கைகொடுக்கும். பட்டியலில் 'டால்பின்' என்று கண்டு பயப்படாதீர்கள். அது மாகிமாகி மீனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்.

காலையும் மதியமும் வீட்டில் சமைத்தோம். ஒய்ஸ்டின்ஸ் சந்தையில் மீனை வாங்கினால் அங்கேயே வெட்டித் துப்புரவாக்கித் தருவார்கள். அரிசி, பூசணி, வத்தாளங்கிழங்கு எல்லாம் கிடைக்கும். கறித்தூள் மட்டும் இங்கிருந்து கொண்டு போனோம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், சுண்ணாம்புப் பாறையில் வடிந்து வரும் நல்ல தண்ணீர். போத்தல் தண்ணீருக்குச் செலவே இல்லை. வெளியே சாப்பிட்டது நாலு இரவுதான்.

பிள்ளைகளோடு போவதால் இரண்டு எச்சரிக்கை. கரையோரம் மான்சினீல் என்றொரு மரம், பச்சை அப்பிள் மாதிரிச் சின்னப் பழம். பழம் நஞ்சு, பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும், மழைக்குக்கூட அதன் கீழே ஒதுங்கக் கூடாது. பல மரங்களில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள், எல்லாவற்றிலும் இருக்காது, அதனால் முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். அடுத்தது, இராணுவப் புள்ளி போட்ட உடுப்பு அங்கே சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் சேர்த்துத்தான். பெட்டி கட்டும்போதே எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இருட்டிய பிறகு ஆளில்லாத கடற்கரையில் நடக்கவில்லை, போனையும் பையையும் மணலில் விட்டுவிட்டு எல்லோரும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு சிக்கலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவை மட்டும் ஒய்ஸ்டின்ஸுக்கு ஒதுக்கி வையுங்கள். வரிசையாக மீன் சுடும் கடைகள், புகை, நீள மேசைகள். சுட்ட மீனும், மக்கரோனியைச் சீஸோடு சேர்த்துச் சுட்டெடுக்கும் 'மக்கரோனி பை' என்ற பண்டமும் ஒரு தட்டில் வரும். தட்டு பெரிது, நாலு பேருக்கு மூன்று வாங்கினால் போதும். ஏழு மணிக்குள் போனால் உட்கார இடம் கிடைக்கும். ஒரு பக்கம் இளசுகளின் கூத்து, இன்னொரு பக்கம் தலை நரைத்த ஜோடிகள் பழைய பாட்டுக்கு மெதுவாக ஆடுவார்கள். நாங்கள் அந்தப் பக்கம்தான் உட்கார்ந்தோம். திரும்பி வரும்போது 11ஆம் இலக்க வான், சின்னவள் என் தோளில் தூக்கம், வீடு வந்ததும் சாரதி தானாகவே நிறுத்தினார்.